நெருப்புக்கு மூச்சுத் தந்தவர்கள்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் மாணவர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. தேர்வுத் தாள்கள் பெரும்பாலும் அவற்றையே கேட்கின்றன. ஆதலின் மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நான் பள்ளியில் வரலாறு கற்பித்த நாட்களில் வேறொரு வழக்கமும் வைத்திருந்தேன். கைக்கு எட்டும் பொருள் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்து, “இஃது இங்கே வந்து சேர்வதற்கு எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்?” என்று கேட்பேன். ஒரு சுண்ணக்கட்டி, ஒரு பூட்டு, ஒரு குடை, எதுவாயினும் சரி. மணி அடிக்கும்வரை அதன் பின்னால் ஊர் ஊராகவும் நூற்றாண்டு நூற்றாண்டாகவும் செல்வோம். இன்று வானொலி வாயிலாகவும் அதனையே செய்ய எண்ணுகிறேன். மேசைமீது நான் வைக்கும் பொருள், குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் உள்ளே மறைந்து கிடக்கும் ஒரு சிறு விசிறி.

அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன், ஓரிகன் என்னும் மாநிலங்கள் உள்ளன. அவற்றின் மேற்குப் பகுதி மழையும் காடும் மிகுந்த நிலம். மரம் அறுக்கும் தொழில் அங்கே நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அப்பகுதி வீடுகள் பலவற்றில் ‘பெல்லெட் அடுப்பு’ என்னும் ஒருவகைக் கணப்பைக் காணலாம். அது சமையலுக்கு உரியதன்று. குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருப்பதற்கு உரியது. விறகுக்குப் பதிலாக, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள் அதில் எரிகின்றன. அந்த அடுப்புக்குக் காற்றை ஊட்ட மின்விசிறிகள் உண்டு. சில குளிர்காலங்கள் கழிந்தபின் விசிறி இரையத் தொடங்குகிறது. முதலில் ஒரு கீச்சொலி, பிறகு உறுமல், இறுதியில் வீட்டார் பேசுவதே காதில் விழாதபடி ஓர் அரைக்கும் ஓசை. அப்போது பழைய விசிறியைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். செய்தி இவ்வளவே. ஆயினும் அவ்வோசை எந்த உறுப்பிலிருந்து வருகிறது, அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன நேரும் என்று கேட்கப் புகுந்தால், இரண்டாயிரம் ஆண்டு மனித உழைப்பு நம் கண்முன் விரியும்.

நம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவோம். ஈர விறகு புகையும்போது ஊதுகுழலை எடுத்துக் கண்ணீர் வழிய ஊதிய பாட்டியரை என் வயதினர் அனைவரும் கண்டிருக்கிறோம். ஊதினால் நெருப்பு ஏன் கிளர்ந்து எரிகிறது என்று அவர்களைக் கேட்டால், “நெருப்புக்கும் மூச்சு வேண்டாமா?” என்பார்கள். அவ்விடையில் பிழையில்லை. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. 1774இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி அதனைப் பிரித்துக் காட்டினார். பிரான்சு நாட்டு லவாஸியே, எரிதல் என்பது ஒரு பொருள் அவ்வாயுவோடு சேர்வதே என்று அடுத்த சில ஆண்டுகளில் விளக்கினார். ஆனால் காரணம் தெரிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே காரியம் நடந்துவிட்டது. உலைக்கு எவ்வளவு காற்றோ அவ்வளவு வெப்பம் என்பதைக் கொல்லர்கள் கையால் அறிந்திருந்தனர்.

மனிதன் வாயால் ஊதும் காற்று ஓர் அடுப்புக்குப் போதும். இரும்பை உருக்கும் உலைக்குப் போதாது. ஆகவே தோலால் துருத்தி செய்தனர். துருத்திக்கு ஒரு குறை உண்டு. அமுக்கும்போது காற்று வரும், விரியும்போது வராது. உலை ஒரு கணம் மூச்சு விட்டு மறுகணம் திணறும். இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி அமுக்குவது ஒரு தீர்வு. ஆனால் அதற்கு ஓயாமல் அமுக்க ஆள் வேண்டும். கொல்லுலையில் துருத்தி ஊதும் வேலை பெரும்பாலும் சிறுவர்களுக்கோ புதிதாகத் தொழில் கற்க வந்தவர்களுக்கோ கிடைத்தது. அவர்களுடைய பெயரை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

இந்த உழைப்பைக் குறைக்க வேண்டும் என்று எண்ணிய ஒருவர் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். கி.பி. 31இல் சீன நாட்டில் நான்யாங் என்னும் பகுதியின் ஆட்சித் தலைவராக இருந்தவர் தூ ஷீ. ஓடும் நீரால் சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தால் துருத்தியை இயக்கும் பொறியை அவர் அமைத்தார். உழவுக் கருவிகளை வார்ப்பதற்காக அஃது அமைக்கப்பட்டது என்றும், குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் கிடைத்ததென்றும் சீன வரலாற்று நூல் குறிக்கிறது. ஓர் அதிகாரி மக்களுடைய முதுகுச் சுமையைக் குறைக்கப் பொறி செய்தார் என்ற செய்தி, எந்தப் பேரரசனின் வெற்றிச் செய்திக்கும் குறைந்ததன்று.

துருத்தி விரிந்து சுருங்கும் கருவி. விசிறியோ சுழலும் கருவி. சுழலும் கருவிக்கு இடைவெளி இல்லை. காற்று இடையறாது வரும். இவ்வேறுபாட்டை நீங்கள் நன்கு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் விசிறியும் முதலில் சீன நாட்டில்தான் பயன்பட்டதாகத் தெரிகிறது. நெல்லையும் பதரையும் பிரிக்க, கையால் சுழற்றும் விசிறிப் பெட்டிகளை ஹான் மரபினர் ஆண்ட காலத்திலேயே அவர்கள் செய்தார்கள்; அப்பெட்டிகளின் மண் உருவங்கள் அக்காலக் கல்லறைகளில் கிடைத்துள்ளன. களத்து மேட்டில் முறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்று வரட்டும் என்று காத்து நின்ற உழவனை நாம் அறிவோம். காற்றுக்காகக் காத்திராமல் காற்றையே செய்துகொள்ளலாம் என்று கண்டதுதான் விசிறிப் பொறியின் பிறப்பு.

ஐரோப்பாவில் விசிறி வேறொரு தேவையால் வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா சுரங்க ஊரொன்றில் மருத்துவராக இருந்தவர். காற்றோட்டமற்ற சுரங்கங்களில் தொழிலாளர் மூச்சுத் திணறுவதை அவர் அறிந்திருந்தார். அவர் எழுதிய சுரங்க நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1556இல் வெளிவந்தது. பெட்டிக்குள் சுழலும் மர இறக்கைகளால் சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் பொறிகளை அதில் படங்களோடு விளக்கியிருக்கிறார். லத்தீன் மொழியில் இருந்த அந்நூலை 1912இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவர் என்ற சுரங்கப் பொறியாளரும் அவர் மனைவி லூ ஹென்றி ஹூவரும் ஆவர். அந்த ஹூவரே 1929இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார்.

1730களில் இலண்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் புழுக்கம் தாங்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. தெஸகுலியே என்னும் அறிவியலறிஞர் ஏழடி விட்டமுள்ள விசிறிச் சக்கரம் ஒன்றைச் செய்து அங்கே பொருத்தினார். அதனை ஓர் ஆள் கையால் சுழற்ற வேண்டும். காற்றோட்டம் தருவதைக் குறிக்கும் ‘வென்டிலேட்டர்’ என்ற சொல்லை அவர் அந்த ஆளுக்கே பெயராக வைத்தார். இன்று அச்சொல்லுக்கு நாம் சாளரத்தையும் மருத்துவமனைக் கருவியையும் பொருளாகக் கொள்கிறோம். சக்கரத்தைச் சுழற்றிக் களைத்த ஒரு மனிதனைக் குறித்த சொல் அது.

இனிக் கணப்புக்கு வருவோம். குளிர்நாட்டு வீடுகளில் சுவரில் குழிவான அடுப்பு அமைத்து, மேலே புகைபோக்கி வைத்து விறகை எரிப்பது பழைய வழக்கம். பார்ப்பதற்கு அழகு, பயனோ குறைவு. வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு கூடவே வானத்துக்குப் போய்விடும். முன்புறம் உடல் வறுபட, பின்புறம் முதுகு குளிரும். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். இரும்புத் தகடுகளால் ஆன அடுப்பை அறைக்குள் முன்தள்ளி வைத்து, காற்று அதனுள் ஒரு தனி வழியில் சென்று சூடேறி அறைக்குள் திரும்புமாறு அமைத்தார். 1744இல் அதைப்பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். பென்சில்வேனியாவின் ஆளுநர் அவருக்குக் காப்புரிமை அளிக்க முன்வந்தபோது பிராங்க்ளின் அதை ஏற்கவில்லை. பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் நன்மை பெறும்போது, நம்முடையதைப் பிறருக்கு மகிழ்வோடு கொடுப்பதே முறை என்பது அவர் கருத்து. இலண்டன் வணிகர் ஒருவர் அதில் சிறு மாற்றம் செய்து, தம் பெயரில் காப்புரிமை பெற்றுப் பொருள் ஈட்டினார் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

பின்னர் ரம்போர்டு பிரபு என்பவர் 1796இல், அடுப்புக் குழியின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சரித்து, புகைபோக்கியின் கழுத்தையும் ஒடுக்கினால் புகை குறைந்து வெப்பம் மிகும் என்று காட்டினார். பிராங்க்ளினும் ரம்போர்டும் நம்பியது ஒரே விதியை: சூடான காற்று தானே மேலெழும். எனவே அவர்கள் அடுப்பில் விசிறி இல்லை, ஓசையும் இல்லை. இதனையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மேசைமீதுள்ள விசிறி பிறந்த இடத்தைச் சொன்னால் உங்களில் பலர் வியப்படைவீர்கள். அது பிறந்தது அமெரிக்கக் குளிரில் அன்று. அதன் வேர் இந்தியாவின் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கிளிலாண்டு டேவிட்சன் 1864ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதை ஒட்டி, அஸ்ஸாமின் கசார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அக்காலத்தில் பறித்த கொழுந்தைக் கையால் உருட்டி, கரி நெருப்பின்மேல் வைத்து உலர்த்துவார்கள். புகையும் வெக்கையும் தொழிலாளரை வாட்டின. தேயிலையும் சில வேளை கருகியது, சில வேளை பதம் கெட்டது. நெருப்பின்மேல் இலையை வைப்பதற்கு மாறாக, நெருப்பால் காற்றைச் சூடாக்கி அக்காற்றை இலையின் ஊடே செலுத்தினால் என்ன என்று டேவிட்சன் எண்ணினார். அவ்வெண்ணத்திலிருந்து உலர்த்தும் பொறி உருவாயிற்று. சகாராப் பாலையிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரைக் கொண்டு அதற்கு ‘ஸிராக்கோ’ என்று பெயரிட்டார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் அப்பெயராலேயே தொழிற்சாலை தொடங்கினார்.

சூடான காற்றைச் செலுத்தச் சிறந்த விசிறி வேண்டுமல்லவா? அதுவரை இருந்த விசிறிச் சக்கரங்களில் சில அகன்ற இறக்கைகள் நடு அச்சிலிருந்து வெளிப்புறம் நீண்டிருந்தன. டேவிட்சன் நடுவை வெறுமையாக விட்டார். ஒரு வளையத்தின் விளிம்பைச் சுற்றிப் பல குறுகிய தகடுகளை நெருக்கமாக நிறுத்தி, அவை சுழலும் திசையை நோக்கி முன்புறம் வளைந்திருக்குமாறு அமைத்தார். பார்வைக்கு அஃது ஓர் உருளைக் கூண்டு போலிருக்கும். காற்று நடுவே நுழைந்து விளிம்பு வழியே வீசி எறியப்படும். உருவம் சிறிது; காற்று மிகுதி. 1898இல் இவ்வமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். விரைவில் அது கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பரவியது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் காற்றோட்டம் தந்தவையும் ஸிராக்கோ விசிறிகளே. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் அப்பெயர் பொறித்த உலர்த்திகள் இயங்கின. அங்கே கொழுந்து பறித்தவர்களும் பொறிகளின் அருகே நின்று வேலை செய்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். டேவிட்சன் 1921இல் மறைந்தார். இன்று ஓரிகன் மாநிலத்து வீட்டில் அறைக்குள் வெப்பக் காற்றை ஊதும் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். அதே கூண்டு, அதே முன்வளைந்த தகடுகள்.

கூண்டு தானே சுழலாது. அதைச் சுழற்றும் மோட்டாரின் வரலாறும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. மாறுமின்னோட்டத்தால் சுழலும் காந்தப் புலம் ஒன்றை உண்டாக்கலாம் என்பதை இத்தாலியில் கலிலியோ பெராரிஸ் 1885இல் செய்து பார்த்து, 1888இல் வெளியிட்டார். அவர் அதற்குக் காப்புரிமை நாடவில்லை. அதே 1888இல் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லா இத்தகைய மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். இம்மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கம்பி வழியாகக் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. ஆதலின் உரசித் தேயும் தூரிகைகள் இல்லை. அப்படியாயின் இதில் தேய்வது எது? அச்சு தங்கிச் சுழலும் இடம் ஒன்றே. அதனை நம் பட்டறைகளில் ‘பேரிங்’ என்பார்கள்.

நாம் தேடிவந்த ஓசை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அச்சுக்கும் அதைத் தாங்கும் உறுப்புக்கும் இடையே உருளும் குண்டுகளை வைத்தால் உராய்வு குறையும் என்று 1794இல் வேல்ஸ் நாட்டு இரும்பு வினைஞர் பிலிப் வான் வண்டி அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் ஸ்வீடன் நாட்டில், நெசவாலை ஒன்றின் பொறியாளரான ஸ்வென் விங்க்விஸ்ட், அச்சு சற்றுச் சாய்ந்தாலும் தானே நேர்படுத்திக்கொள்ளும் குண்டு பேரிங்கைக் கண்டார். ஆலை நின்ற நிலம் இளகி அசைந்ததால் நீண்ட அச்சுகள் அடிக்கடி கோணி, பேரிங்குகள் கெட்டுக்கொண்டே இருந்தன. அத்தொல்லையே அவரை அவ்வழியில் செலுத்தியது. பழுது பார்த்துச் சலித்த ஒருவர்தான் பல வேளைகளில் புதியதைக் காண்கிறார்.

கூண்டும் மோட்டாரும் பேரிங்கும் ஆயத்தமாயின. இவை கணப்படுப்புக்குள் வந்து சேர்ந்தது எப்படி? 1973இல் மேற்காசிய எண்ணெய் நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. குளிர்காலத்தில் எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கிய அமெரிக்கர்கள் மாற்று எரிபொருளைத் தேடினர். வடமேற்கு மாநிலங்களின் மரமறுக்கும் ஆலைகளில் மரத்தூள் மலைபோல் குவிந்து கிடந்தது. அத்தூளை உலர்த்தி, துளைகள் உள்ள உருக்கு அச்சின் வழியே மிகுந்த அழுத்தத்தோடு பிதுக்கினால், அழுத்தத்தில் எழும் வெப்பத்தால் மரத்திலுள்ள ‘லிக்னின்’ என்னும் இயற்கைப் பசை இளகித் தூளை ஒட்டவைக்கும், ஆறியதும் இறுகும். வேறு பசை வேண்டுவதில்லை. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பருமன் உள்ள அக்குச்சிகளே பெல்லெட். இத்தகைய எரிபொருள் செய்யும் முறைக்கு 1977இல் அமெரிக்காவில் ருடால்ப் கன்னர்மன் காப்புரிமை பெற்றார். முதலில் அவை தொழிற்சாலை உலைகளுக்கே சென்றன. சியாட்டில் பகுதியில் போயிங் விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெரி விட்பீல்டு 1980களின் தொடக்கத்தில் அவற்றை வீட்டில் எரிக்கத் தக்க அடுப்பை வடிவமைத்தார். 1988இல் அமெரிக்க அரசு விறகடுப்புப் புகைக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, குறைந்த புகையோடு எரியும் இவ்வடுப்பின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

அடுப்பின் அமைப்பைக் கேளுங்கள். மேலே ஒரு தொட்டி; அதில் குச்சிகளைக் கொட்டிவைப்பார்கள். கீழே திருகாணி போன்ற ஒரு தண்டு மெல்லச் சுழன்று, குச்சிகளைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் தள்ளும். இரண்டு விசிறிகள் உண்டு. ஒன்று, கிண்ணத்தின் ஊடே காற்றை இழுத்து நெருப்பை எரியச் செய்து, புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். மற்றொன்று, அறைக் காற்றைச் சூடான குழாய்களின்மேல் செலுத்தி மீண்டும் அறைக்குள் விடும். முதல் விசிறி நெருப்புக்கு மூச்சு; இரண்டாம் விசிறி வீட்டுக்கு வெப்பம். இவ்விரண்டின் காற்றும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. அடுப்பின் நலமும் அதில் வாழ்வோரின் நலமும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தை ஓரிகன் மாநிலத்தில் என் மகள் வீட்டில் கழித்தேன். அவள் வீட்டு அடுப்பின் விசிறி இரையத் தொடங்கியிருந்தது. பழுதுபார்ப்பவர் வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அடுப்பையே மாற்றிவிடுங்கள் என்று அறிவுரை கூறியவரும் உண்டு. என் மகள் திருப்புளியைக் கையில் எடுத்தாள். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் செய்த முறை ஒரு நல்ல பாடம் போல் இருந்ததால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவள் செய்தது கேட்பது. தகடு உராயும் ஓசையாயின் கூண்டு இடம் பெயர்ந்திருக்கும். அதிர்ந்து தட்டும் ஓசையாயின் தூசும் மயிரும் இறக்கைகளில் ஒருபுறமாகப் படிந்து கூண்டின் சமநிலை கெட்டிருக்கும். கடகடவென்ற ஓசையாயின் ஏதேனும் திருகு தளர்ந்திருக்கும். இம்மூன்றுக்கும் புதிய விசிறி வேண்டுவதில்லை. தூய்மையும் திருப்புளியும் போதும். தொடங்கும்போது கீச்சிட்டு, சூடேறியபின் அரைக்கும் ஓசையாயின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அவள் வீட்டு விசிறி அரைத்தது.

அடுத்து, எந்த விசிறி என்பதைத் தெளிந்தாள். நெருப்பு அணைந்து அடுப்பு முற்றும் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு மின்னிணைப்பைப் பிடுங்கினாள். பின்தகட்டைக் கழற்றி ஒவ்வொரு கூண்டையும் விரலால் சுழற்றிப் பார்த்தாள். புகை வெளியேற்றும் விசிறி தங்குதடையின்றிச் சுழன்றது. அறைக் காற்றை ஊதும் விசிறியோ இரண்டு சுற்றில் நின்றது. அச்சைப் பிடித்து அசைத்தால் ஆடியது. கம்பிகள் இருந்த நிலையைப் படம் எடுத்துக்கொண்டபின் அதைக் கழற்றினாள்.

புதிய விசிறியைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். மின்னழுத்தம் ஒன்றா, திருகுத் துளைகள் ஒத்துவருகின்றனவா, அச்சு சுழலும் திசை ஒன்றா என்று பார்த்தாள். அப்போது என்னை அழைத்து, “அப்பா, இந்தத் தகடுகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன, பாருங்கள்” என்றாள். நான் டேவிட்சன் கதையைச் சொன்னேன். முன்வளைந்த தகடுகள் உடைய கூண்டு எதிர்த்திசையில் சுழன்றால் காற்று வாராமற் போகாது. ஆனால் மிகக் குறைவாக வரும். பார்ப்பவருக்கு விசிறி சுழல்வதாகவே தோன்றும். அறை மட்டும் குளிர்ந்திருக்கும். அஸ்ஸாம் தேயிலைக்காக ஒருவர் சிந்தித்த வளைவை அறிந்திருப்பது அந்த மாலை எங்களுக்குப் பயன்பட்டது. காற்று வழியில் ஐந்தாறு ஆண்டுத் தூசு படிந்திருந்தது. அதையும் துடைத்தெடுத்தபின் புதிய விசிறியை முடுக்கினாள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அடுப்பு ஓசையே இல்லாமல் எரிந்தது என்று சொல்லமாட்டேன். சீரான ஒரு முனகல் இருந்தது. அவ்வோசையோடு ஒரு குடும்பம் உறங்கலாம்.

இரைந்தது அறை விசிறி என்பதால் அங்கே இழப்பு சிறிது. கெட்டது மற்ற விசிறியாக இருந்திருந்தால் நிலைமை வேறு. போதிய காற்றின்றி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தில் அது அமர்ந்து உயிரைப் பறிக்கும். ஆதலால் புகைக்குழாயில் இழுப்புக் குறைந்தவுடன் குச்சிகள் விழுவதை நிறுத்தும் காவல் விசை இவ்வடுப்புகளில் உண்டு. அவ்விசிறியை மாற்றும்போது, இடையில் வைக்கும் அடைப்பு வளையத்தையும் புதிதாக வைத்துக் கசிவில்லாமல் இறுக்க வேண்டும். வீட்டில் அவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவியும் இருத்தல் வேண்டும். இவற்றைத் தாமே செய்யத் தெரியாதவர் தெரிந்தவரை அழைப்பதே அறிவு. விசிறியின் இரைச்சலை வானொலியின் ஒலியைக் கூட்டி மறைத்துவிடலாம். ஆனால் இரைச்சல் ஓர் எச்சரிக்கை. நின்றுபோன விசிறி எச்சரிப்பதில்லை.

பிராங்க்ளின் அடுப்பில் ஓசை இல்லை என்றேன். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை. பெல்லெட் அடுப்பு எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் வீட்டுக்குத் தருகிறது. காற்றையும் குறைவாகவே மாசுபடுத்துகிறது. ஆனால் பனிப்புயலில் மின்சாரம் நின்றால், மின்கலத்துணை இல்லாத வீட்டில் அதுவும் நின்றுவிடும். ஒரு வசதியைப் பெறும்போது ஒரு சார்பையும் கூடவே பெறுகிறோம். பழையதே நன்று என்று சொல்ல இதைக் கூறவில்லை. கண்ணீர் வழிய ஊதிய பாட்டியையும் சக்கரம் சுழற்றிக் களைத்த இலண்டன் தொழிலாளியையும் நினைக்கிறவன் அப்படிச் சொல்ல முடியாது. எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்று கணக்குப் பார்ப்பதே வரலாற்று மாணவனின் கடமை என்பதற்காகவே கூறினேன்.

தேய்ந்தது ஒரு பேரிங். அதற்காக அடுப்பு முழுவதையும் குப்பையில் தள்ளுகிறவன், தூ ஷீயும் அக்ரிகோலாவும் டேவிட்சனும் பெராரிஸும் விங்க்விஸ்டும் செய்தவற்றை ஒன்று சேர்த்துத் தள்ளுகிறான். தேய்ந்த உறுப்பைக் கண்டு அதை மட்டும் மாற்றுகிறவன், அவர்கள் அனைவருடைய உழைப்பையும் இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கச் செய்கிறான். மாணவர்களே, உங்கள் வீட்டில் பெல்லெட் அடுப்பு இராது. ஆனால் மின்விசிறி உண்டு, மாவரைக்கும் பொறி உண்டு, நீரேற்றும் மோட்டார் உண்டு. அவற்றில் ஒன்று நாளை முனகத் தொடங்கினால் உடனே விலைப் பட்டியலைத் தேடாதீர்கள். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முனகுவது எந்த உறுப்பு என்று பாருங்கள். பிறகு நூலகத்துக்குச் சென்று, அவ்வுறுப்பை முதலில் செய்தவர் யார், என்ன தொல்லை தாங்காமல் செய்தார் என்று தேடுங்கள். உங்கள் பாடநூலில் இல்லாத ஒரு வரலாற்றை அன்று நீங்களே படிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.